பிரஸ் கடைக்கு வந்த கை

எண்பத்தெட்டாம் வருஷம் ஜூலை மாதத்து மழையில் அந்தக் கை தாராவிக்கு வந்தது. டெம்போ தொண்ணூறடி ரோட்டோடு நின்றுகொண்டது. அங்கிருந்து நஜிமுதீன் தகடு அடிக்கிற பிரஸ் கடை வரைக்கும் சந்து ஒரு கைவண்டி உரசிக்கொண்டு போகிற அகலம்தான். நான்கு பேர் சேர்ந்து, தார்ப்பாய் போர்த்திய சுமையை அரையடி அரையடியாகத் தள்ளி வந்தார்கள். சாக்கடை நிரம்பிக் கணுக்காலளவு தண்ணீர் ஓடியது. எங்கே பள்ளம், எங்கே கல் என்று தெரியாததால் நஜிமுதீன் முன்னால் நடந்து காலால் துழாவி வழி சொன்னான். பின்னாலேயே இன்னொரு வண்டியில் துணி பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி வந்தது.

கீழே கடை, மேலே வீடு. நடுவில் பலகைத் தளம். அவன் மனைவி நூர் நிஷா ஏணிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாயை உருவியதும், ஆரஞ்சுப் பெயிண்ட் உரிந்துபோய், தோளும் முழங்கையும் மணிக்கட்டுமாக மடங்கிக் கிடந்த ஓர் இரும்பு தெரிந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் இருந்தன.

"இது என்னது?" என்றாள்.

"கை. பிரஸ்ஸுக்குள்ள இனி மனுசக் கை போவக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

அவள் மூலையில் கோணிமேல் உட்கார்ந்திருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இனாயத்துல்லா சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

அவன் கடையநல்லூரிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து ஏழு வருஷமாகியிருந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பர்னருக்கு அடியில் வைக்கிற தட்டுத்தான் கடையின் சரக்கு. வட்டத் தகட்டை அச்சில் வைக்க வேண்டும், பிரஸ் இறங்கும், எடுக்க வேண்டும், அடுத்ததை வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை அவன் கை உள்ளே போய் வந்தது. ஜனவரியில் ஒரு காலை வேளையில் பிரஸ் முந்திக்கொண்டது. வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. பதினொரு நாள் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தான். இடது கையால் சோறு உண்ண அவனுக்கு மனம் ஒப்பவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, படுதாவுக்குப் பின்னால் போய், மிஞ்சின இரண்டு விரல்களில் ஸ்பூனை இடுக்கிக்கொண்டு தின்பான். பாதி கீழே சிந்தும். அந்த இடத்தை அவனே துடைத்துவிட்டு வருவான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீடு திரும்பிய அன்றைக்கே நூர் நிஷா அடுத்த சந்தில் மோட்டார் காயில் கட்டுகிற வெயிலுமுத்துவைக் கூப்பிட்டு, பிரஸ்ஸின் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். நஜிமுதீன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். நீளக் குறடு வாங்கித் தருகிறேன் என்றான். குறடைப் பிடிப்பதும் கைதானே என்றாள். வேறு ஆளைப் போடுகிறேன் என்றான். அவன் யாருக்குத் தம்பி என்று கேட்டாள். ஆறு மாதமாக பிரஸ் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. நஜிமுதீன் சாக்கிநாக்காவில் இன்னொருவர் கடையில் வேலைக்குப் போய்வந்தான். அந்தச் சமயத்தில்தான் குர்லாவில் பழைய இரும்பு வாங்கி விற்கிற பங்கார்க்காரனிடம் குவியலுக்கு நடுவே இந்தக் கையைக் கண்டான். தாணா பக்கத்தில் ஏதோ பெரிய ஃபாக்டரியில் வெல்டிங் பகுதியை மூடி ஏலம் விட்ட சாமான், ஆள் தொடாமல் தானே வேலை செய்கிற இயந்திரக் கை. தன்னுடைய ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தான்.

வெயிலுமுத்து நாங்குநேரிப் பக்கத்து ஆள். நாற்பது வயது, வெற்றிலை வாய், எந்த மோட்டாரிலும் என்ன கோளாறு என்று காதை வைத்தே சொல்லிவிடுவான். கையையும் அதை ஆட்டுவிக்கிற பெட்டியையும் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். கைக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடியிருந்த தடித்த கேபிளை, செம்புக்காக பங்கார்க்காரன் ரம்பம் போட்டு அறுத்து எடுத்திருந்தான். இரண்டு பக்கமும் ஒரு முழம் ஒரு முழம் தொங்கியது. ஒவ்வொரு முழத்திலும் எழுபத்திரண்டு ஒயர்.

"பாய், இதுல என்ன கோளாறுன்னு கேக்காதீக," என்றான். "கோளாறு இல்லாதது எதுன்னு கேளுங்க. தேடிப் பாத்துச் சொல்லுதேன்."

ஆனால் மறுநாளே வந்துவிட்டான். பெட்டிப் பக்கத்து ஒயர்களில் எண் அச்சடித்திருந்தது. கைப் பக்கத்தில் எண்ணெய் ஊறி எல்லாம் ஒரே கறுப்பு. கையின் மூடிகளைத் திறந்தால் உள்ளே மோட்டார் முனைகளில் எண் இருந்தது. அந்த முனையில் டார்ச் செல்லை வைத்து, அறுந்த இடத்தில் ஒவ்வொரு நுனியாகச் சின்ன பல்பைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பல்ப் எரிந்தால் அந்த ஒயர் அந்த எண். இதற்கு இரண்டு பேர் வேண்டும். நஜிமுதீன் பகலில் இருக்க மாட்டான். வெயிலுமுத்து தலையை உள்ளே விட்டபடியே குரல் கொடுத்தான்.

"ஏல இனாயத்து, சும்மாதான இருக்க? இந்த பல்பைக் கொஞ்சம் பிடி."

ஆறு மாதமாக அந்த வீட்டில் யாரும் அவனிடம் எதையும் பிடிக்கச் சொன்னதில்லை.  இனாயத்துல்லா எழுந்து வந்து பல்பை இடது கையில் வாங்கிக்கொண்டான்.

எழுபத்திரண்டு ஒயருக்கு ஒன்பது நாள் பிடித்தது. சிலது உள்ளேயே அறுந்திருந்தது, சிலது இரண்டு இடத்தில் எரிந்தது. கண்டுபிடித்த ஒயரில் வெள்ளைக் குழாய்த் துண்டை மாட்டி, இடது கையால் இனாயத்துல்லா எண் எழுதினான். முதல் நாள் எழுதியதை அவனாலேயே படிக்க முடியவில்லை. நான்காம் நாள் வெயிலுமுத்துவால் படிக்க முடிந்தது. மழை விடவேயில்லை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதனால் எண்களைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டார்கள். மாடியில் சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்த நூர் நிஷாவுக்குத் தம்பியின் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. மத்தியானம் குழம்பும் சோறும் கீழேயே கொண்டுவந்து வைத்தாள். வெயிலுமுத்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து உண்டான். இனாயத்துல்லா ஒரு கண்ணை ஒயர்க் கற்றைமேல் வைத்துக்கொண்டு, இடது கையால் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தான். என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்ததா என்பது நூர் நிஷாவுக்குத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த எலெக்ட்ரானிக் கார்டுகள் வெயிலுமுத்துவுக்குப் பிடிபடவில்லை. அதற்காக அணுசக்தி நகரிலிருந்து அனந்தநாராயணனை அழைத்துவந்தான். அங்கே டெக்னீஷியன், அம்பாசமுத்திரத்துக்காரர். அவர் வீட்டு மிக்ஸிக்குக் காயில் கட்டிக் கொடுத்ததில் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, குடையும் மீட்டருமாக வந்தார். பெட்டிக் கதவின் உள்பையில் ஜப்பான் எழுத்தும் இங்கிலீஷுமாக ஒரு கட்டு வரைபடம் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. அதை ஒவ்வொரு தாளாகப் பிரித்து அயர்ன் பெட்டியால் தேய்த்துக் காய வைத்தார். ஒரு கார்டில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. ஏணியைப் பார்த்து, "எலுமிச்சம்பழம் இருக்குமாம்மா? இது காரம். புளிப்பு போட்டாத்தான் விடும்," என்றார். நூர் நிஷா நான்கு பழத்தைப் பிழிந்து கொண்டுவந்தாள். பல் துலக்குகிற பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் கழுவி, அரித்துப் போன கோடுகளுக்குப் பதிலாகத் தலைமுடிபோன்ற கம்பியை வைத்து ஈயப் பற்று வைத்தார். இங்கத்திய கரண்டு அந்தப் பெட்டிக்கு இரண்டு மடங்கு என்பதால் வெயிலுமுத்து தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டினான்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் எல்லாம் ஒன்று சேர்ந்தது. அனந்தநாராயணன் போகும்போது, அடுத்த ஞாயிறு வருகிறேன், அதுவரை மோட்டாருக்குக் கரண்டு கொடுக்க வேண்டாம், ஒவ்வொரு மூட்டாகத்தான் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். நஜிமுதீனுக்கு வியாழக்கிழமைக்கு மேல் பொறுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு வெயிலுமுத்துவைக் கூப்பிட்டான். சுவிட்சைப் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை வரவில்லை. அரை மணி நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வெயிலுமுத்து பெட்டிக்குப் பின்னால் போய் ஒரு துண்டு ஒயரை எங்கோ சொருகினான். பச்சை வந்தது.

நஜிமுதீன் பட்டனை அழுத்தினான். முழங்கை ஒரே வீச்சில் மேலே போயிற்று. கைக்குப் பக்கத்தில் குனிந்திருந்த இனாயத்துல்லாவின் சட்டைக் காலரை உரசிக்கொண்டு போய்ப் பலகைத் தளத்தில் மோதியது. மாடியில் அடுப்பின்மேல் இருந்த சட்டி கவிழ்ந்தது. மோதிய பிறகும் அது நிற்கவில்லை, பலகையை நெம்பிக்கொண்டு உறுமியது. நஜிமுதீன் சிவப்பு பட்டனை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். கடைசியில் பாய்ந்துபோய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான்.

நூர் நிஷா இறங்கி வந்தாள். தம்பியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோல் வழன்றிருந்தது, அவ்வளவுதான். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"செவப்பு பட்டன் எதுக்கு?"

"நிப்பாட்டுததுக்கு."

"அமுக்குனீகளா?"

"அமுக்குனேன்."

"பெறகு ஏன் நிக்கல?"

நஜிமுதீன் வெயிலுமுத்துவைப் பார்த்தான். வெயிலுமுத்து வாயில் இருந்த வெற்றிலையை வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"நாந்தான் தங்கச்சி. அந்தச் செவப்பு பட்டன், கதவு சுவிட்சு எல்லாம் ஒரே லைன்ல வருது. ஃபாக்டரில கையைச் சுத்திப் போட்டிருந்த வேலிக் கதவோட சுவிட்சு அது, நம்மகிட்ட இல்ல. லைன் முழுசா இருந்தாத்தான் பச்ச வரும். ஒரு ஒயரைக் குறுக்க போட்டு அம்புட்டையும் இருக்குத மாதிரி ஆக்கிட்டேன். சும்மா பாத்துட்டு எடுத்துருவோம்னுதான் நெனச்சேன்."

 நஜிமுதீன் தகடு வைக்கிற டிரம்மின்மேல் உட்கார்ந்தான். யாரையும் பார்க்காமல் பேசினான்.

"ஜனவரியிலயும் இதேதான். பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் சேத்து அமுக்குனாத்தான் இறங்கும். ஆர்டர் அவசரம்னு ஒரு பட்டனை சைக்கிள் டியூப் வச்சு நாந்தான் கட்டிவச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அறுத்து எறிஞ்சுட்டேன்."

நூர் நிஷா தம்பியைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் லாத்தா."

"ஏன்ல சொல்லல?"

"சொல்லி? நீ மச்சானை விட்டுட்டு எங்க போவ?"

அவள் மேலே போய்விட்டாள். கவிழ்ந்த குழம்பைக் கூட்டி அள்ளுகிற சத்தம் பலகை வழியே வெகுநேரம் கேட்டது.

இரண்டு நாள் அவள் நஜிமுதீனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தாள், டீ வைத்தாள். அவன் சொல்ல வந்ததை முடிக்கும் முன்பே எழுந்து போனாள். தம்பியிடம் மட்டும், ஊருக்குப் போகிறதென்றால் டிக்கெட் போட்டுத் தருகிறேன், நானும் கூட வருகிறேன், யாருக்காகவும் நீ இங்கே இருக்க வேண்டாம் என்றாள்.  அவன், போகலாம், ஆனால் அந்தக் கை எதற்காக மேலே போனது என்று தெரியாமல் போக மாட்டேன் என்றான். ஒன்பது நாள் அதோடு உட்கார்ந்திருக்கிறேன், அதில் பாதி நான் எழுதிய எண் என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கீழே வந்தாள். வெயிலுமுத்துவும் இருந்தான்.

"இது ஓடுமா ஓடாதாங்கது ஒங்க சோலி," என்றாள். "நிக்குமாங்கதை நாந்தான் பாப்பேன். நான் பாத்துச் சரின்னு சொல்லுத வரைக்கும் பிரஸ் மோட்டார் அண்ணாச்சி கடையிலதான் கெடக்கும். இனிமே இந்தக் கடையில எதையாவது கட்டிவச்சாலும் சரி, குறுக்க போட்டாலும் சரி, நான் தம்பியைக் கூட்டிக்கிட்டு ரயில் ஏறிருவேன். ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க."

நஜிமுதீன் தலையை ஆட்டினான். வெயிலுமுத்து பெட்டிக்குப் பின்னால் போய் அந்தத் துண்டு ஒயரைப் பிடுங்கி, பல்லால் கடித்து இரண்டாக்கிக் குப்பையில் போட்டான்.

மறுநாள் அனந்தநாராயணன் வந்து, பிளந்திருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். அவர் திட்டிய திட்டை இருவரும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள். பிறகு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு மூட்டிலும் மோட்டாருக்குப் பின்னால் ஒரு குட்டி டைனமோ உண்டு. எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். எல்லா மோட்டாருக்கும் கரண்டை நிறுத்திவிட்டு, பிரேக்கை மட்டும் விடுவித்து, மூட்டுகளைக் கையால் ஒரே பக்கமாகத் தள்ளச் சொன்னார். பெட்டிப் பக்கத்தில் மீட்டரை வைத்து முள்ளைப் பார்த்தார். முதல் மூட்டுக்கு முள் வலது பக்கம் போயிற்று. இரண்டாவதுக்கும் வலது. மூன்றாவது மூட்டான முழங்கைக்கு முள் இடது பக்கம் அடித்தது. மற்ற மூன்றுக்கும் வலது.

"இதுதான்," என்றார். "வேகமா முன்னாடி போறேன்னு சொல்ல வேண்டியது, பின்னாடி போறேன்னு சொல்லியிருக்கு. பெட்டி இன்னும் தள்ளியிருக்கு. தள்ளத் தள்ள இன்னும் பொய் சொல்லியிருக்கு. இந்த டைனமோவோட ரெண்டு ஒயரும் தலைமாறியிருக்கணும். எந்த நம்பர்னு பாருங்கோ."

வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். ஆறும் ஒன்பதும். இனாயத்துல்லா ஒயர்க் கற்றைக்குள் கையை விட்டு அந்த இரண்டையும் வெளியே இழுத்தான். அவனுடைய எழுத்துத்தான். ஒரு குழாய்த் துண்டைத் திருப்பிப் பிடித்தான். ஆறு ஒன்பதாயிற்று. இன்னொன்றையும் திருப்பினான். எது எதுவென்று அவனுக்கே தெரியவில்லை. ஒயரைக் கீழே போட்டுவிட்டுத் தன் இடது கையைப் பார்த்தான்.

"எழுதுனது நீ. தலைகீழாப் பிடிச்சு ஈயம் பத்த வச்சது நானு," என்றான் வெயிலுமுத்து. "இருட்டுல கெடந்து வச்சேன். எடு பேனாவை."

பல்பை வைத்து இரண்டையும் மறுபடி சோதித்தார்கள். இனாயத்துல்லா புதிய குழாய்த் துண்டுகளில் எழுதி, இரண்டு எண்ணுக்கும் அடியில் அழுத்தமாகக் கோடு போட்டான். அதோடு விடவில்லை. மற்ற எழுபது ஒயரையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றான். யாரும் மறுக்கவில்லை. ஐந்து நாள் ஆயிற்று. வேறு தப்பு எதுவும் இல்லை.

கதவு செய்வதற்கு இன்னொரு வாரம். கையும் பிரஸ்ஸும் உள்ளே இருக்கும்படி ஆளுயரத்துக்கு இரும்பு ஆங்கிள் அடித்துக் கம்பி வலை கட்டினான் நஜிமுதீன். ஒரே ஒரு கதவு. அது ஒரு விரல்கடை திறந்தாலும் லைன் அறுந்துபோகும்படி வெயிலுமுத்து கீலுக்குப் பக்கத்தில் சுவிட்ச் வைத்தான். பிரஸ்ஸைச் சக்கரத்தோடு கோர்த்து இறக்குகிற கிளட்ச்சையும் அதே லைனில் சேர்த்தான். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் தகட்டைத் தூக்க ஒரு மின்காந்தம் கட்டி மாட்டினான். முதலில் அது தூக்கிய தகட்டை விடாமல் பிடித்துக்கொண்டு அடம் பிடித்தது. காந்தத்தின் முகத்தில் பித்தளைத் துண்டு ஒன்று வைத்த பிறகு விட்டது.

கைக்கு வழி சொல்லிக் கொடுத்தது இனாயத்துல்லா. நீள ஒயரில் தொங்குகிற பட்டன் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடது கையால் அழுத்தி, இரும்புக் கையை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, இதுதான் என்று பதிய வைக்க வேண்டும். அடுக்குக்கு மேலே ஒரு இடம், தகட்டைத் தொடுகிற இடம், அச்சுக்கு முன்னால் ஒரு இடம், அச்சுக்குள், வெளியே. மொத்தம் பதினான்கு இடம். எவ்வளவு சாய்த்து உள்ளே போனால் தகடு அச்சில் சரியாக உட்காரும் என்பது அந்தக் கடையில் அவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். நஜிமுதீன் ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றான்.

"மச்சான், நீங்க செத்த தள்ளி நில்லுங்க," என்றான் இனாயத்துல்லா. நஜிமுதீன் தள்ளி நின்றான்.

செப்டம்பர் கடைசியில் மழை ஒரு நாள் விட்டது. காலை பத்து மணிக்கு வெயிலுமுத்து பிரஸ் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து மாட்டினான். பத்துத் தகடு அடித்துப் பார்த்தார்கள். கை குனிந்தது, எடுத்தது, வைத்தது, விலகியது, பிரஸ் இறங்கியது. பத்துத் தட்டும் சுத்தமாக விழுந்தன. நஜிமுதீன் ஏணிக்கு அடியில் போய் நின்று கூப்பிட்டான்.

நூர் நிஷா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். தட்டுகளை அவள் பார்க்கவில்லை. நேராகக் கம்பிக் கதவருகே போய் நின்றாள். கை தகட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. கதவை இழுத்தாள். உள்ளே எங்கோ 'டக்' என்று பிரேக் விழுந்தது. கை அந்தரத்தில் நின்றது, தகடு 'ணங்' என்று கீழே விழுந்து உருண்டது. மூடச் சொல்லி, ஓட்டச் சொன்னாள். இந்தத் தடவை கை அச்சுக்குள் முழுவதும் நுழைகிற வரைக்கும் காத்திருந்து திறந்தாள். நின்றது. மேலே பிரஸ்ஸின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் பிரஸ் இறங்கவில்லை. மூன்றாவது தடவை சிவப்பு பட்டனைத் தானே அழுத்தினாள். நான்காவது தடவை கதவை ஒரு விரல்கடை மட்டும் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு தகடு வீணாயிற்று. ஏழாவது தகடு விழுந்ததும் நஜிமுதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பாக்கட்டும் மச்சான்," என்றான் இனாயத்துல்லா.

பதினோராவது தடவை அவள் கதவைத் திறந்து, நின்றுபோன கைக்குக் கீழே போய், அச்சுக்கு எதிரே நின்றாள். தம்பி தினமும் உட்கார்ந்திருந்த இடம் அது.  நூறு எண்ணுகிற நேரம் அங்கேயே நின்றாள். எதுவும் அசையவில்லை. வெளியே வந்து கதவை மூடினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெனம் காலையில நான் வந்து தெறந்து பாப்பேன்," என்றாள். "அதுக்குப் பெறகுதான் சுவிட்சைப் போட்டுச் சாலு பண்ணணும்."

"சரி," என்றான் நஜிமுதீன்.

"இன்னைக்குப் பாத்துட்டேன். ஓட்டுங்க."

இனாயத்துல்லா பட்டன் பெட்டியைக் கையில் எடுத்தான்.